சுங்கை சிப்புட் பக்கம் காட்டு மிருகக் காப்பகம்னு சொல்லி 600 வெள்ளி வாங்கிட்டாங்க, தயவுசெஞ்சு யாரும் போயிடாதீங்க

நானும் எங்க வீட்டுக்காரரும் வேலைய விட்டுட்டு வேன்ல ஊர் சுத்த ஆரம்பிச்சு இது எட்டாவது மாசம். ஜொகூர்ல கெளம்பி பகாங், திரங்கானு, கிளந்தான்னு போயி ஜெலி கெரிக் ரோட்டு வழியா பேராக்ல எறங்கினோம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல எங்க பெரியம்மா இன்னும் லயத்து வீட்டுலதான் இருக்காங்க, அவங்கள பாத்துட்டு ரெண்டு வாரம் இருந்துட்டு போலாம்னு நெனச்சோம்.

அப்பதான் ஃபேஸ்புக்ல அந்த விளம்பரம் வந்துச்சு. அடிபட்ட மிருகங்கள குணமாக்கி திரும்ப காட்டுல விடுறோம், ஒரு வாரம் வந்து ஒதவி பண்ணுங்க, ஆளுக்கு 300 வெள்ளி, சாப்பாடு தங்குற எடம் எல்லாம் சேத்துன்னு போட்டிருந்தாங்க. நல்ல காரியம்தானேன்னு அன்னைக்கே 600 வெள்ளி பேங்க்ல போட்டுட்டோம்.

செம்பனைக்கு நடுவுல நாலு தகரக் கொட்டாய், அவ்வளவுதான். போன ஒடனே ஒரு குட்டி உங்காவுக்கு (கிப்பன்னு சொல்வாங்களே, அந்த வாலில்லாத குரங்கு) பேம்பர்ஸ் போட்டு என் கையில குடுத்து, போட்டோ எடுக்க 20 வெள்ளின்னாங்க. எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா நாங்க சபால செப்பிலோக் போயிருக்கோம், 1964ல இருந்து ஓராங் ஊத்தான வச்சு பாக்குற எடம் அது, அங்க தீனி போடுறத மேடையில நின்னு தூரமா பாக்கலாம், தொடவே விடமாட்டாங்க, நம்ம சளி காய்ச்சல் அதுங்களுக்கு ஒட்டிக்கும், மனுசங்கள பழகிடுச்சுன்னா அப்பறம் காட்டுல பொழைக்காது. பக்கத்துல இருக்குற கரடி காப்பகத்துலயும் அதே கதைதான், மேல பாலத்துல நின்னுதான் பாக்கணும்.

இங்க பட்டப்பகல்ல தேவாங்க வெளிய எடுத்து மேசையில வச்சு பிள்ளைங்கள விட்டு கிச்சுகிச்சு மூட்ட சொல்றாங்க. அது ராத்திரி நடமாடுற ஜீவன், அந்த வெளிச்சமே அதுக்கு தண்டனை. கைய ரெண்டையும் தூக்குது பாருங்க, அதுக்கு பிடிச்சிருக்குன்னு சொல்லி சிரிக்கிறாங்க. பிடிச்சதால தூக்கல. தேவாங்குக்கு முழங்கை உள்பக்கம் ஒரு சுரப்பி இருக்கு, அத நக்கி எச்சியோட கலந்தா வெஷமாயிடும், பயத்துல கடிக்க தயாராகுறப்பதான் அப்படி கைய தூக்கும். ஆனா அதால கடிக்க முடியல, வாய தெறந்தப்ப நான் பாத்தேன், முன் பல்லெல்லாம் வெட்டியிருக்கு. பல்லால மரப்பட்டைய சொரண்டி பிசின் தின்னுற ஜீவன் அது, பல்லு இல்லாம அத எந்தக் காட்டுல விடுவாங்க?

மிருக டாக்டர் எப்ப வருவாரு, புதுசா வர்றத எங்க தனியா வைக்கிறீங்க, இதுவரைக்கும் எத்தன விட்டிருக்கீங்கன்னு கேட்டேன். எல்லாத்துக்கும் ஒரே பதில், பாஸ் பாத்துக்குவாரு. எங்களுக்கு குடுத்த வேல கூண்டு கழுவுறதும் வர்றவங்கள போட்டோ எடுத்து குடுக்குறதும்தான்.

மூணாவது நாள் சாயங்காலம் ஒரு பையன் மோட்டார்ல சாக்கு கட்டிக்கிட்டு வந்தான். உள்ள இன்னொரு தேவாங்கு. 150 வெள்ளி எண்ணி குடுத்தாங்க, என் கண்ணு முன்னாடியே. ராத்திரி பெரியம்மாகிட்ட சொன்னா அவங்க ஆச்சரியமே படல. "முந்தி பழம் வெட்டுறப்ப கெடச்சா கெளையில ஏத்தி விட்டுட்டு வேலைய பாப்பாங்கம்மா, இப்ப சாக்கோடதான் காட்டுக்கே போறானுங்க"ன்னாங்க. எனக்கு தூக்கமே வரல. உங்கா குட்டி எப்பவும் தாய் வயித்த கெட்டியா புடிச்சிருக்கும், குட்டிய எடுக்கணும்னா பெரும்பாலும் தாய சுட்டுதான் எடுப்பாங்க. நான் கையில வாங்குன குட்டி அப்படி வந்ததா இருக்கும்னு நெனைக்கிறப்ப இப்பவும் வயிறு கலங்குது. நாங்க போட்ட 600 வெள்ளியும் அந்த சாக்குக்குத்தான் போயிருக்கு.

மறுநாள் காலையில மிச்ச நாளுக்கு பணத்த திருப்பி கேட்டோம். ரசீத பாருங்க, நன்கொடைன்னு போட்டிருக்கு, தர முடியாதுன்னுட்டாங்க. வேன் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள வாட்ஸ்அப்ல பிளாக்.

உங்காவும் சரி தேவாங்கும் சரி, 2010ம் வருஷ வனவிலங்கு சட்டப்படி முழு பாதுகாப்புல இருக்குற ஜீவன்கள், சிறப்பு பெர்மிட் இல்லாம யாரும் வச்சிருக்கக் கூடாது. பெர்மிட்ட காட்டுங்கன்னு மொத நாளே கேட்டிருக்கணும், நாங்க கேக்கல. நீங்க இந்த மாதிரி எங்க போனாலும் காசு போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. அதே மாதிரி, பாவமா இருக்கேன்னு காசு குடுத்து வாங்கி காப்பாத்தவும் பாக்காதீங்க, நீங்க குடுக்குற காசுலதான் அடுத்த சாக்கு வருது.

பெர்ஹிலிதான்ல, அதாவது வனவிலங்கு இலாகாவுல, புகார் குடுத்துட்டோம், வீடியோ, பேங்க் சிலிப், ரசீது எல்லாம் சேத்து. பணத்துக்கு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி தனியா போட்டிருக்கோம், கெடைக்குதோ இல்லையோ. சுங்கை சிப்புட் பக்கம் இந்த மாதிரி எடத்துக்கு போயிட்டு வந்தவங்க இங்க இருந்தா, வெக்கப்பட்டுக்கிட்டு படத்த அழிச்சிடாதீங்க, எடுத்த தேதியோட அப்படியே பெர்ஹிலிதானுக்கு அனுப்புங்க, அந்த உங்கா குட்டி இன்னும் அங்கதான் இருக்கு.