தரங்கம்பாடி: ஓர் இரவு தங்கினால்தான் ஊர் பிடிபடும்

டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய கடலோர ஊர் தரங்கம்பாடி. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் திருநள்ளாறுக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டியவர்கள். பெரும்பாலும் உச்சி வெயில் நேரமாக இருக்கும். கோட்டைக்கு முன்னால் நாலு படம், கடலில் ஒரு கால் நனைப்பு, ஓர் இளநீர், அவ்வளவுதான். ஊருக்குப் போய், "அங்க என்ன இருக்கு, ஒரு கோட்டைதானே" என்பார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு வந்தால் அப்படித்தான் தோன்றும். சுண்ணாம்புச் சுவரிலும் மணலிலும் பட்டுத் தெறிக்கிற வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாது. ஒதுங்க நிழலும் இல்லை.

இந்த ஊருக்குச் சரியான கணக்கு சனிக்கிழமை பிற்பகல் 3 மணியிலிருந்து ஞாயிறு முற்பகல் 11 மணி வரை. ஒரு சாயங்காலம், ஓர் இரவு, ஒரு விடியல். குறைந்தால் வந்ததே வீண். கூடினால், கையில் புத்தகம் இல்லாதவர்களுக்குப் பொழுது போகாது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர் வழி. காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை புதுச்சேரிக்குள்ளும் கடலூருக்குள்ளும் மாட்டினால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், எனவே 6 மணிக்கு முன்பே சென்னையை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. ரயில் என்றால் மயிலாடுதுறையில் இறங்கி, பொறையார் அல்லது காரைக்கால் பலகை போட்ட பேருந்தில் ஏற வேண்டும். 30 கிலோமீட்டர் தூரம், ஒரு மணி நேரம் ஆகும். முன்பு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1980களில் நிறுத்தியதோடு சரி.

தங்கும் இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஊருக்குள் அறைகள் மிகக் குறைவு. கோட்டைக்குப் பக்கத்திலேயே கடலைப் பார்த்து நிற்கிற பழைய ஆங்கிலேயர் காலத்து பங்களா இப்போது பாரம்பரிய விடுதி. சுற்றிலும் தாழ்வாரம், உயரமான கூரை, அறைகளுக்கு டேனிஷ் கப்பல்களின் பெயர். ஊரின் மிகச் சிறந்த இருப்பிடம் இதுதான், வாடகையும் அதற்கேற்பத்தான். தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்வதற்குத்தான் அந்தப் பணம். நாள் முழுக்க வெளியே சுற்றப் போகிறவர்கள் அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

இதைவிட மலிவாக வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, தெற்கே 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் காரைக்கால். இன்னொன்று, வடக்கே பத்து கிலோமீட்டருக்குள் திருக்கடையூர். திருக்கடையூர் என்றால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடத்த ஊர் ஊராகக் குடும்பங்கள் வந்து இறங்குகிற தலம் அது. முகூர்த்த நாளோடு ஞாயிறும் சேர்ந்துவிட்டால் விடுதிகளில் கட்டில் அல்ல, பாய் போட இடம் கிடைப்பதும் கஷ்டம். அறை கிடைத்தாலும் விடியற்காலை 4 மணிக்கே நாதஸ்வரம் எழுப்பிவிடும்.

இனி ஊர். தரங்கம் என்றால் அலை. அதோடு பாடியைச் சேர்த்து "பாடும் அலைகளின் ஊர்" என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பாடி பாட்டு அல்ல. காட்பாடி, வேலப்பாடி மாதிரி ஊரைக் குறிக்கிற பாடி. மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும்தான் சொல்கிறது. அந்தக் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306ஆம் ஆண்டு. டேனிஷ்காரர்கள் வந்து இறங்குவதற்கு முந்நூறு வருடம் முன்பே இங்கே ஒரு துறைமுகமும் வணிகர்களும் இருந்திருக்கிறார்கள். டேனிஷ் ஊர் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தக் கோயிலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது பெரிய நஷ்டம்.

நகர வாயில் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். 1792இல் திரும்பக் கட்டிய வெள்ளை வாயில் அது. வண்டியிலேயே கோட்டை வரை போய்விடலாம், ஆனாலும் வாயிலுக்கு வெளியே இறங்கி நடந்து வாருங்கள். அந்தத் தெரு நேராகக் கடலில் போய் முடிவதை நடக்கிற வேகத்தில் பார்த்தால்தான் ஊரின் திட்டம் புரியும். மதில், ஒரு வாயில், அங்கிருந்து கடல் வரை ஒரே நேர்கோடாக ராஜா வீதி, கோடியில் கோட்டைத் திடல்.

டான்ஸ்போர்க் கோட்டைக்குள் மாலை நாலரைக்குள் போய்விடுங்கள். கதவைச் சாத்துவதில் கறாராக இருப்பார்கள். கட்டணம் சொற்பம், கேமராவுக்குத் தனிச் சீட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளியன்றே லீவு போட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரும் டேனிஷ் தளபதி ஓவ கெட்டவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிறந்த கோட்டை இது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடிதம் தமிழில், நாயக்கரின் கையொப்பம் தெலுங்கில். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதன்பின் கோட்டை பயணியர் மாளிகையாகக் கிடந்தது. 1970களின் கடைசியில் தொல்லியல் துறை கைக்கு வந்து அருங்காட்சியகமானது.

உள்ளே போனதும் எல்லோரும் மாடிக்கு ஓடுகிறார்கள். கீழ்த்தளத்தை முதலில் பாருங்கள். கிடங்கு, சமையல்கட்டு, சிறை, மது பீப்பாய் வைத்த அறை எல்லாம் கீழேதான். குனிந்து நுழைகிற அறைகள், கண் பழக ஒரு நிமிடம் ஆகும், கைப்பேசி விளக்கு வேண்டும். மேலே வந்தால் காட்சி வேறு. நடுவில் ஒற்றைத் தூண், அதிலிருந்து நாலு பக்கமும் ஒட்டகத் திமில் மாதிரி வளைந்து எழும் கூரை. மரத்தூலமே இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது. தூணுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். இந்தப் பயணத்தில் இதற்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

அருங்காட்சியகம் பற்றி நேராகச் சொல்லிவிடலாம்: பொருட்கள் அருமை, வைத்திருக்கிற விதம் சுமார். பீங்கான், தேநீர் ஜாடிகள், வாள், பீரங்கிக் குண்டு, சுதைச் சிற்பம், ஒரு திமிங்கல எலும்பின் பகுதி என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. எந்தப் பொருள் எங்கே கிடைத்தது, எந்தக் காலத்தது என்று பல பெட்டிகளில் விவரம் போதாது. முன்கூட்டியே கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் இவை பேசும்.

கோட்டையை விட்டு வெளியே வந்ததும், சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ராஜா வீதியில் நடந்துவிடுங்கள். வீடுகளின் சுவரை முழங்கால் உயரத்தில் கவனியுங்கள். சில சுவர்களில் அந்த உயரம் வரை பூச்சு பொரிந்து உதிர்ந்திருக்கும். நிலத்தடி ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு சுவரில் ஏறுகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு பூச்சுக்குள்ளேயே படிகமாகி விரிந்து பூச்சைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சில வருடத்துக்கு ஒருமுறை மேலே பூசினால் போதும். சிமென்ட் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லையே மாவாக்கிவிடும். வாயிலிலிருந்து கடல் வரை நடந்தால் இரண்டு வகைப் பழுதுபார்ப்பையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். சுண்ணாம்பு கொண்டு நிதானமாகச் சீரமைத்த கட்டடங்கள் இந்த ஊரில் இருப்பது பாராட்டப்பட வேண்டிய விஷயம். டென்மார்க்கிலிருந்து வந்த உதவியும் இங்குள்ள கொத்தனார்களின் கைப்பழக்கமும் சேர்ந்த வேலை அது.

தெருவில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் தேவாலயம் 1701ஆம் ஆண்டுக்கானது. புதிய எருசலேம் தேவாலயம் 1718. பின்னதன் முகப்பில் டென்மார்க் மன்னரின் கிரீடமும் முத்திரை எழுத்தும் இருக்கும். உள்ளே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். மற்ற நாட்களில் பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரித்துத் திறக்கச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் திறந்திருக்கும், ஆனால் அது வேடிக்கை பார்க்கிற நேரமல்ல. ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் போங்கள்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்தத் தெரு ஏன் முக்கியம் என்றால், 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு சில வருடங்களிலேயே அச்சுக்கூடம் ஒன்றை நிறுத்தினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தாள் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். ஆலை போய் முந்நூறு வருடம் ஆகியும் அந்த இடத்துக்குப் பெயர் கடுதாசிப்பட்டறை. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டையும் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கோட்டையில் இல்லாத ஒழுங்கான விளக்கங்கள் அங்கே உண்டு. அச்சு, எழுத்துரு என்று ஆர்வமுள்ளவர்கள் கோட்டைக்குக் கொடுத்த நேரத்தை இதற்கும் கொடுங்கள்.

இருட்டிய பிறகு ஊரில் எதுவும் இல்லை. கடை சீக்கிரம் அடைத்துவிடும். சாப்பாட்டுக்கு விடுதியை நம்புங்கள், அல்லது 8 மணிக்குள் பொறையாருக்குப் போய் வாருங்கள், ஆட்டோவில் பத்து நிமிடம் கூட இல்லை. அங்கே பிரமாதம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சூடான இட்லி, புரோட்டா, மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும். கையில் பணமாகவே வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரையும் வாங்கி வைத்துவிடுங்கள். பொதுக் கழிப்பறைதான் பெரிய குறை. வயதானவர்களோடு ஒரே நாளில் வந்து திரும்ப நினைப்பவர்கள் இதனாலேயே அவதிப்படுகிறார்கள்.

விடியலுக்கு எழுந்துவிட வேண்டும். மே, ஜூனில் 5.45 வாக்கிலும் ஜனவரியில் 6.30 வாக்கிலும் சூரியன் எழும். அரை மணி முன்பே கோட்டைத் திடலில் இருங்கள். மாசிலாமணிநாதர் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம். பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதுப்பித்த கோயில் இப்போது அலைக்கு எதிரே கற்குவியலின் காவலில் நிற்கிறது. அந்தக் கற்களுக்கு நடுவே முதல் வெளிச்சம் விழும்போது, கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் வந்திருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும். 2004 சுனாமியில் இந்தக் கரையும் மீனவர் தெருக்களும் பட்டது சொல்லி மாளாது.

இந்தக் கடற்கரைக்கு ஓசோன் அதிகம், மூச்சுக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். கடலோரத்தில் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை நுண்பாசிகளிலிருந்து பிறக்கிற கந்தகச் சேர்மத்தினுடையது. காற்று சுத்தமாக இருக்கிறது, அதுவே போதுமான காரணம். குளிப்பதற்கு மட்டும் இறங்க வேண்டாம். கற்கள் பாசி படிந்து வழுக்கும். கற்களை ஒட்டிய இடங்களில் திரும்புகிற அலை ஆளை வெளியே இழுக்கும்.

காலை ஏழு மணி சுமாருக்குப் படகுகள் கரையேறும் இடத்துக்குப் போனால் மீனைக் கூறு போட்டு விற்பார்கள். "இந்தக் கூறு என்ன விலை அக்கா?" என்று கேட்டால் பதில் வரும், பேரம் கொஞ்சம்தான் இறங்கும். விடுதியில் சமைத்துத் தருவார்களா என்று முந்தின இரவே கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சிறு படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும்.

ஞாயிறு 11 மணிக்கு மேல் இங்கே நிற்காதீர்கள், வெயில் பழையபடி ஆரம்பித்துவிடும். வடக்கே போகிறவர்கள் பூம்புகார் பக்கம் திரும்பி, 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். திருநள்ளாறையும் சேர்க்க நினைப்பவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள். சனீஸ்வரனுக்கு உகந்த நாள் என்பதால் காரைக்கால் சாலையே நெரிந்துபோகும், சாயங்காலக் கோட்டையைத் தவறவிட்டுவிடுவீர்கள். ஞாயிறு மதியம் அது சமாளிக்கக்கூடிய கூட்டம்.

ஜனவரியும் பிப்ரவரியும்தான் இந்த ஊருக்கு நல்ல மாதங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது முன்பதிவு செய்தால் ரத்து செய்யும் வசதியுள்ள அறையாகப் பாருங்கள், புயல் சின்னம் உருவானால் கடற்கரைக்கே விடமாட்டார்கள். மே மாதம் வந்தே தீர வேண்டும் என்றால், காலை எட்டுக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் நடந்து, நடுவில் தூங்கிவிடுங்கள். கோட்டைக்குள் மட்டும் மத்தியானத்தில் போகலாம். அந்தக் கனத்த சுவர்களுக்குள் மே மாதத்திலும் குளிர்ச்சி இருக்கும்.