ஆஸ்திரேலியாவுக்கு ரிட்டயர்மென்ட் விசா என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகன் மெல்போர்னில் பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி ஆறு வருடமாகிறது. மகள்கள் இருவரும் இங்கேதான், ஒருத்தி திருவையாற்றில், ஒருத்தி கோயம்புத்தூரில். பேரன் பிறந்ததிலிருந்து அவனைத் தூக்கி வளர்க்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஒரே ஏக்கம்.

2023 ஆடியில் தஞ்சாவூரில் ஒரு விசா ஏஜெண்டைப் பார்த்தோம். "405னு ஒரு ரிட்டயர்மென்ட் விசா இருக்கு சார். 55 வயசு ஆகியிருந்தா போதும், அம்மாவையும் சேர்த்துக்கலாம்" என்றார். இருவருக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய். நடவுக்கு வைத்திருந்த பணம் போதாமல், மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கட்டினோம். பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக்கொண்டார். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது. அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் "ஃபைல் மூவ் ஆகுது சார்" என்பதுதான் பதில். பொங்கலுக்கு வந்த மகன் விண்ணப்ப எண்ணைக் கேட்டான். ஒரு தாளைக் கொடுத்தார்கள், அதிலிருந்த எண் எங்கேயும் ஏறவில்லை. அந்த விசா 2018 ஜூன் 1-இலேயே புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது என்று ஆஸ்திரேலிய அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. திறந்திருந்த காலத்திலும் அதற்கு 7,50,000 ஆஸ்திரேலிய டாலர் முதலீடு வேண்டும், ஊர்ப்புறத்தில் குடியிருப்பதென்றால் 5,00,000. எங்கள் நிலத்தை மொத்தமாக விற்றாலும் அந்தப் பக்கம் போக முடியாது.

நிரந்தரப் பெற்றோர் விசாவும் எங்களுக்கு இல்லை. பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேர் அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களைவிடவும் அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். எங்களுக்கு மூன்றில் ஒருவன்தான். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்போம்.

எங்களைப் போன்றவர்களுக்கு இருப்பது 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசா. முதலில் மகனை ஸ்பான்சராக, அதாவது நமக்குப் பொறுப்பேற்பவனாக, அரசு ஏற்க வேண்டும், அப்புறம்தான் நாம் விண்ணப்பிக்க முடியும். மூன்று அல்லது ஐந்து வருடம் தருவார்கள், மொத்தமாகப் பத்து வருடத்துக்கு மேல் கிடையாது. வேலை பார்க்கக் கூடாது, மருத்துவக் காப்பீடு நாமே எடுக்க வேண்டும். பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு இதற்குக் கிடையாது.

தயவுசெய்து விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலையே கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுடையதில் ஏஜெண்டின் மின்னஞ்சல்தான் இருந்தது, அதனால் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

மகன் போய்ச் சத்தம் போட்ட பிறகு பாஸ்போர்ட்டுகள் கிடைத்தன. பணம் இன்னும் வரவில்லை, போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். இப்படி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், ரசீதையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு நீங்களும் போய்ப் புகார் கொடுங்கள். ஸ்டேஷனில் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.