உப்புவெளி சைக்கிள் வாடகைக் கடை: அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு

திருகோணமலையில் வாடகைக்குச் சைக்கிள் கிடைப்பது கஷ்டமில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தங்குமிட வாசல்களில் நாலைந்து சாய்த்து வைத்திருப்பார்கள். அவை கடற்கரையிலிருந்து கடைத்தெரு வரைக்கும் போய்வருகிற சுற்றுலாக்காரருக்குச் சரி. அறுபத்தெட்டு வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு, இரவுக்கு ஓரிடம் தங்கி, அவசரமில்லாமல் சில நாள் ஓடித் திரிய வேண்டுமென்றால் அது போதாது. நாங்கள் எடுத்தது நிலாவெளி வீதியில் உள்ள ஒரு திருத்துக் கடையில். முன்பக்கம் ஒட்டுப் போடுகிறார்கள், பின்கொட்டிலில் வாடகைச் சைக்கிள்கள்.

அப்பாவுக்கு வலது முழங்கால் தேய்மானம் என்பதைக் கொழும்பிலிருந்து போனிலேயே சொல்லியிருந்தேன். இருந்தும் கடைக்காரர் முதலில் உருட்டிக்கொண்டு வந்தது தடித்த ரயர் போட்ட கியர் சைக்கிள். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “தம்பி, இதிலை குனிஞ்சுகொண்டு போனா நான் றோட்டைத்தான் பார்க்கலாம், ஊரைப் பார்க்கேலாது.” அடுத்து வந்தது முன்னுக்குக் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். ரலி சைக்கிளில் கந்தோருக்குப் போய்வந்த மனிசன் அல்லவா, முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. கடைக்காரர் விடவில்லை. “ஐயா, இதுக்குக் காலைத் தூக்கிப் போடத் தேவையில்லை. மாடு குறுக்கால வந்தா டக்கெண்டு இறங்கலாம்.” திருகோணமலை றோட்டில் மாட்டைக் காட்டிப் பேசினால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

இந்தக் கடைக்கு நான் முழுப் புள்ளி போடுவது அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான். அப்பாவைச் சுவரைப் பிடித்தபடி சீற்றில் இருத்தி, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதில் குதிக்காலை வைக்கச் சொன்னார். முழங்கால் மடிந்து நின்றது. ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி ஒரு விரற்கடை உயர்த்தினார். திரும்ப இருத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம். கால் நேராக நீண்ட பிறகுதான் நட்டை இறுக்கினார். சீற் பதிவாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் பாரம் முழங்காலில்தான் விழும் என்றார். இரண்டு காலும் நிலத்தில் முட்டவேணும் என்று சீற்றை இறக்கியே வாழ்நாள் முழுக்க ஓடியவர் அப்பா. முதல் நாள் முணுமுணுத்தார், அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

வழியையும் கடைக்காரரே போட்டுத் தருகிறார், காட்போட் மட்டையில் பேனையால். நாங்கள் போனது ஆடி மாதம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலம். “வடக்கை போகேக்கை காத்து முதுகிலை தள்ளும். வரேக்கை நெஞ்சிலை அடிக்கும். அதாலை நீங்கள் ஓடி வரவேண்டாம், நான் பட்டா அனுப்பி ஏத்துறன்.” பட்டா என்றால் சின்ன லொறி. இந்த ஒரு யோசனைக்கே வாடகை கொடுக்கலாம். மற்ற இடங்களில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் போய்த் திரும்புகிற கணக்குத்தான்.

முதல் நாள் நகரத்துக்குள் மட்டும்: பிரெட்ரிக் கோட்டை, உள்ளே மான்கள், கோணேசர் கோயில். கோட்டை வாசலுக்குப் பிறகு ஏற்றம், அதில் உருட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை. பிறகு நிலாவெளி. நகரத்திலிருந்து 15 கிலோமீற்றர் அளவு, சமதரை. வழியில் இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் மயானம் இருக்கிறது. அப்பா ஒவ்வொரு கல்லிலும் வயதை வாசித்துக்கொண்டு நடந்ததில் அங்கேயே வெயில் ஏறிவிட்டது. நிலாவெளியில் இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு நாள் புறாமலைக்குப் படகில் போகலாம், காலும் ஆறும். கடைசியாக இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் குச்சவெளி. மட்டையில் புல்மோட்டை வரைக்கும் கோடு போயிருந்தது. அதை நான் வெட்டிவிட்டேன். நிழல் குறைந்த றோட்டில் அவ்வளவு தூரம் அப்பாவை மிதிக்க வைத்தால் அது விடுமுறை இல்லை, தண்டனை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஓட்டோவில் போங்கள். அனுராதபுர வீதியில் லொறிகளோடு போட்டி போடத் தேவையில்லை.

கிண்ணியாப் பாலம் மட்டும் அப்பாவின் ஆசை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற ‘பாதை’ என்ற மிதவைக்குக் காத்து நின்று அக்கரை போன காலத்து ஆள். 2009 இல் திறந்த, 396 மீற்றர் நீளப் பாலத்தை பஸ்ஸில் கடந்தால் பார்த்தது போல இல்லையாம். பாலத்தடி வரைக்கும் சைக்கிள்களைப் பட்டாவில் கொண்டுபோய் இறக்கித் தந்தார்கள், சொன்ன நேரத்துக்கு. நடுவில் பக்கக் காற்று ஹாண்டிலைத் திருப்பிய திருப்பில் இறங்கி உருட்டினோம். அப்பாவுக்கு அதுவே வசதி, நின்று நின்று கொட்டியாறக் குடாவைப் பார்த்து, முந்தித் துறை எங்கே இருந்தது என்று கையைக் காட்டிக்கொண்டு வந்தார்.

இனிக் குறைகள். குச்சவெளியில் ஏற்ற வரவேண்டிய பட்டா இரண்டு மணித்தியாலம் பிந்தியது. தேத்தண்ணிக் கடை வாங்கில் உச்சி வெயிலில் இருந்தோம். போன் எடுத்தால் “இந்தா வந்திட்டுது” என்ற ஒரே பதில். எனக்குத் தந்த சைக்கிளின் பின்பிரேக் முதல் நாளே கத்தத் தொடங்கியது. ரப்பர் கட்டையை மாற்றித் தந்தார்கள், காசு எடுக்கவில்லை. காற்றடிக்கிற பம் தருவதில்லை. ஒட்டுப் போடுகிற கடை நிலாவெளி வரைக்கும் அங்கங்கே இருக்கிறது. அதற்கு அப்பால் நம்பிப் போகவேண்டாம், சொந்தமாக ஒரு சின்னப் பம் பையில் வையுங்கள்.

நாளுக்குக் கியர் இல்லாததற்கு 1000 ரூபா, கியர் உள்ளதற்கு 1500. பட்டாவுக்குத் தனிக்காசு, அதை முதலே பேசி எழுதி வாங்குங்கள். அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள், முற்பணம் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கடை திறக்கமாட்டார்கள். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் மிதிக்க விருப்பமில்லையென்றால், முதல் நாள் பின்னேரமே சைக்கிளை எடுத்துத் தங்குமிடத்தில் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும், அதற்கு முதல் போய் வாருங்கள். பட்டாச் சாரதியின் நம்பரைத் தனியாகக் கேட்டு வாங்க மறக்கவேண்டாம்.