பிளஸ் டூவில் அரசியல் அறிவியல்: அடுத்து சட்டமா, பி.ஏ.வா, நேரே குரூப் 4-ஆ?

அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த படிப்போ வேலையோ தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. ஐந்தாண்டு சட்டத்துக்கு பயாலஜி குரூப் பிள்ளைகளும் வருவார்கள், டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 2 பரீட்சை ஹாலில் உங்கள் பக்கத்து பெஞ்சில் பி.இ. முடித்தவர் உட்கார்ந்திருப்பார். அதனால் எது என் பாடத்துக்குப் பொருத்தம் என்று தேடுவதை விட, சம்பளம் இல்லாமல் எத்தனை வருஷம் வீட்டில் தாங்குவார்கள் என்று பார்ப்பதுதான் உபயோகம்.

அந்தக் கணக்கில் ரொம்ப நீளமானது சட்டம். இதில் இரண்டு வழி. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கும் அதன்கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கோ கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்: இரண்டு மணி நேரம், 120 கேள்வி, முழுக்க ஆங்கிலம், நீள நீளமான பத்திகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும், தப்பானால் கால் மார்க் போகும். பரீட்சை டிசம்பரிலேயே முடிந்துவிடுவதால் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு யோசித்தால் அந்த வருஷம் போச்சு. ஃபீஸும் லட்சங்களில். பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவுதான் குறி என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. ஊர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யப் போகிறவருக்கு அரசு சட்டக் கல்லூரியே தாராளம்.

ஆனால் உண்மையான காத்திருப்பு பட்டம் வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. வக்கீலாகத் தொழில் செய்யத் தேவையான பார் கவுன்சில் பதிவுக்குப் பொதுப்பிரிவில் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதில் ஒரு பாரம் குறைந்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது, சரி, கொடுக்கிற சீனியர் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். சிவில் நீதிபதி தேர்வை உடனே எழுதிவிடலாம் என்ற கனவும் 2025 மே மாதத்தோடு முடிந்தது, இப்போது மூன்று வருஷ பிராக்டிஸ் கட்டாயம். ஐந்தும் மூன்றும் எட்டு. வீட்டில் ஒரு நிலையான வருமானம் இல்லாமல் இதில் இறங்குவது கஷ்டம்.

பி.ஏ. அரசியல் அறிவியல் மூன்றே வருஷம். மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. இந்தப் பட்டத்தை வைத்து மட்டும் யாரும் வேலை தர மாட்டார்கள், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஆசிரியர் ஆகலாமே என்பார்கள். எம்.ஏ., பி.எட். முடித்து டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வும் எழுத வேண்டும், அப்புறம் பார்த்தால் வரலாறு, பொருளியல் அளவுக்கு இந்தப் பாடத்துக்கு இடமே இருக்காது. பி.ஏ.வின் பலம் போட்டித் தேர்வில். ஐ.ஏ.எஸ். போன்ற வேலைகளுக்கான யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் 1,750 மார்க்கில் 500 விருப்பப் பாடத்துக்கு, அதை இதிலேயே எடுக்கலாம். பொது அறிவு இரண்டாம் தாளும் பெரும்பாலும் அரசமைப்பு, ஆட்சி, வெளியுறவுதான். டி.என்.பி.எஸ்.சி.யில் விருப்பப் பாடம் கிடையாது, 'இந்திய ஆட்சியியல்' ஒரு பகுதி மட்டுமே, ஆகவே அங்கே உங்களுக்குப் பெரிய முன்னிலை இல்லை.

இங்கே பலர் கோட்டை விடும் ஒரு விஷயம் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு குரூப் 1, குரூப் 2-க்கு வேண்டுமென்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியாக இருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, கெத்துக்காக பி.ஏ.வை ஆங்கில வழியில் எடுத்தால் அது கையை விட்டுப் போய்விடும்.

குரூப் 4-ல் பல வேலைகளுக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும், வி.ஏ.ஓ., வனக்காப்பாளர் போன்ற சிலவற்றுக்கு 21. நேர்முகம் இல்லை. 200 கேள்வியில் 100 தமிழ், 25 கணக்கும் திறனறிவும், மிச்சம் 75 பொது அறிவு, அதிலும் ஆட்சியியல் கொஞ்சம்தான். 2025-ல் முதலில் அறிவித்த 3,935 இடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள். காலேஜையே விட்டுவிட்டு இதற்கு மட்டும் உட்காருவது எனக்குச் சம்மதமில்லை, பி.ஏ. படித்துக்கொண்டே எழுதுங்கள்.

இதழியல் ஆசை இருந்தால் பிளஸ் டூ முடித்த கையோடு அதற்கென்று ஒரு பட்டம் தேவையில்லை. பி.ஏ.வுக்குப் பிறகு ஒரு வருஷ டிப்ளமோ போதும்.

இரண்டு மனதாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது பி.ஏ., பிறகு வேண்டுமானால் மூன்றாண்டு சட்டம். நேர் வழியை விட ஒரு வருஷம்தான் அதிகம், நடுவில் குரூப் 2 கிடைத்தால் அப்படியே வேலைக்குப் போய்விடலாம். சட்டம் என்று மனதில் உறுதியாக இருப்பவர்கள் இந்தச் சுற்று வழியில் போக வேண்டாம். கலைக் கல்லூரிக்கும் சட்டப் பல்கலைக்கும் விண்ணப்பம் தனித்தனி, கடைசித் தேதியும் வேறு வேறு, இரண்டையும் போட்டு வையுங்கள்.