டர்பன் பள்ளிகளில் கட்டண விலக்கு: சட்டம் தாராளம், ஆபீஸ் கவுண்டர் கஞ்சம்

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெற்றோருக்கு அரசு தரும் உருப்படியான சேவைகளில் ஒன்று கட்டண விலக்கு. ஆனால் இதைப் பள்ளி ஆபீஸில் கேட்டு வாங்குவதற்குள் பாதிப் பேர் சோர்ந்துவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகள் ஐந்து வறுமைப் படிகளில் இருக்கின்றன. மிக ஏழ்மையான முதல் மூன்று படிகளில் கட்டணம் கிடையாது. படியை முடிவு செய்வது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் நிலைமை. பிள்ளையின் வீட்டு நிலைமை அல்ல. கட்டணப் பள்ளிக்குத் தூரத்திலிருந்து மினிபஸ் டாக்ஸியில் வரும் ஏழைப் பிள்ளைக்கும் அதே பில்தான்.

அதற்குத்தான் விலக்கு. அதன் கணக்கு எளிது. ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணத்தோடு பள்ளி கேட்கும் கூடுதல் தொகைகளையும் கூட்டி, பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். விடை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2க்கும் 10க்கும் இடையில் வந்தால், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பகுதி விலக்கு. கட்டணம் 12,000 ரேண்ட், வருமானம் 1,20,000 என்றால் ஒரு காசு கட்ட வேண்டாம். கூடுதல் தொகைக்கான ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எல்லையில் நிற்கும் குடும்பத்தை அவைதான் மேலே தள்ளும். பிள்ளையின் பேரில் அரசின் சமூக நல உதவித்தொகை வாங்குபவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, விலக்கு தானாகவே உண்டு.

சிக்கல் எங்கே? பிரிந்து வாழும் தாயிடம் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்டு ஃபாரத்தை முடக்குவார்கள். அப்படி மறுக்கப்பட்ட ஒரு தாய்க்குச் சாதகமாக 2017இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்கி, 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். பாக்கியைக் காட்டி ரிப்போர்ட் கார்டை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

ஃபாரத்தால் தீராத குறை ஒன்று உண்டு. பணம் கட்டாத வீட்டுப் பிள்ளை என்றால், பத்தாம் வகுப்பில் மேத்ஸ் வேண்டாம், மேத்ஸ் லிட் (அன்றாடக் கணக்கை மட்டும் கற்றுத்தரும் எளிய பாடம்) போதும் என்று யோசிக்காமல் சொல்லிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதுதான் கொடுமை. மேத்ஸ் லிட் எடுத்தால் மருத்துவமும் பொறியியலும் அங்கேயே முடிந்தது. திரும்பி வருவது பெரும்பாடு. ஒன்பதாம் வகுப்பு மார்க்கை எடுத்துக்கொண்டு போய், எந்த மார்க்கை வைத்து இந்த முடிவு என்று கேளுங்கள்.

சட்டத்துக்கு ஐந்தில் நாலு. ஆபீஸ் கவுண்டருக்கு ரெண்டு.