பிலிகுண்டுலு அளவா, கரையில் நின்று பார்ப்பதா?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் முன் காவிரி ஆற்றைக் கணிக்க இரண்டு வழி. ஒன்று, ஒகேனக்கல்லுக்கு மேலே ஆறு வரும் வழியில் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் எடுக்கும் நீர்வரத்து அளவு. இன்னொன்று, கரையில் நின்று கண்ணால் பார்ப்பது.

நான் முதலில் கேட்பது அளவைத்தான். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையில் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, திறந்துவிட்ட நீர் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். தருமபுரி வானத்தைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. ஒரு கனஅடி என்பது நொடிக்குச் சுமார் 28 லிட்டர். காலையில் 8,000 கனஅடி, மதியம் 14,000 என்று ஏறினால், பிள்ளைகளோடு போகிறவர்கள் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆனால் அந்த அளவு பிலிகுண்டுலுவோடு சரி. சின்னாறு ஒகேனக்கல்லில் வந்து கலக்கிறது. அதன் பக்கம் திடீர் மழை பெய்தால் அந்தக் கணக்கில் வராது. அங்கே கண்தான் துணை: தெளிந்த நீர் செம்மண் நிறமாகிறதா, சற்றுமுன் காய்ந்திருந்த பாறை நனைகிறதா, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருகிறதா? "வேணாங்க, தண்ணி கலங்குது" என்று பரிசல்காரர் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருந்தால் இரண்டு கணிப்புக்கும் வேலையில்லை.