பாரம் ஒன்றா, இரண்டா? கலாத்தியர் 6:2உம் 6:5உம்

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில், ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று 2ஆம் வசனத்தில் எழுதும் பவுல், 5ஆம் வசனத்தில் ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறார். தமிழில் இரண்டும் பாரம்தான். மூலமொழியான கிரேக்கத்தில் முன்னது பாரோஸ், பின்னது ஃபோர்ட்டியோன்.

பாரோஸ் என்றால் ஆளை அமுக்கும் கனம். மத்தேயு 20:12இல் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் பகலெல்லாம் பட்ட கஷ்டத்துக்கும் இதே சொல்தான். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரைநாள் கூலி மட்டும்) விழுந்த நாளின் கனத்தை அறிந்த, இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியாத் தோட்ட மக்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. மண்சரிவில் லயன் வீட்டை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) இழந்த குடும்பத்தை அந்தக் கனத்தோடு தனியே விட்டுவிடுவது இந்த வசனத்தை மீறுவதே.

ஃபோர்ட்டியோன் ஒருவருக்கென்று ஏற்றப்பட்ட சுமை. மலையில் அவரவர் முதுகில் அவரவர் கொழுந்துக் கூடை இருப்பதைப் போல. ‘என் சுமை இலகு’ என்று இயேசு சொன்ன இடத்திலும் இச்சொல்லே. ஆனால் பாரோஸ் எப்போதும் பெரிது, ஃபோர்ட்டியோன் எப்போதும் சிறிது என்று பிரசங்கிப்பதை நான் ஏற்கமாட்டேன். மத்தேயு 23:4இல் வேதபாரகரும் பரிசேயரும் மனிதர் தோள்மேல் சுமத்தும் பாரமான சுமைகளும் ஃபோர்ட்டியோன்தான். சுமை எவ்வளவு என்பதைவிட, யாருடையது என்பதே 5ஆம் வசனத்தின் கேள்வி. அதற்கு முந்திய வசனம், அவனவன் தன் சுயகிரியையைச் சோதித்துப்பார்க்கச் சொல்கிறது.